உருளைக்கிழங்கின் காயம் ஆறும் விதம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காகச் சில இடங்களில் விரித்து எழுதப்பட்டுள்ளது.)



போன கூட்டத்தின் கடைசி அரை மணி நேரம் எதற்குச் செலவானது என்று உங்களுக்கு நினைவிருக்கும். பொதுவில் மூட்டையாக வாங்கி வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்ட உருளைக்கிழங்கு. சில வீடுகளில் ஒரு மாதம் தாண்டியும் கல் மாதிரி இருந்தது. சில வீடுகளில் பத்தாம் நாளே கூடையடியில் தண்ணீர் விட்டு நாற்றம் எடுத்தது. "வியாபாரி பழைய சரக்கைத் தள்ளிவிட்டுவிட்டார்" என்று ஒரு கட்சி. "இனிமேல் இந்தப் பொதுக் கொள்முதலே வேண்டாம், அவரவர் அரைக் கிலோ வாங்கிக்கொள்வோம்" என்று இன்னொரு கட்சி. முடிவெடுக்காமல் தள்ளிவைத்தோம். அதற்குள் செயலாளர் என்னைப் பிடித்து, "சார், நீங்கள் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவர்தானே, இதற்கு ஒரு கால் மணி நேரம் பேசுங்கள்" என்றார்.

வியாபாரி மேல் தவறா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். ஒரே மூட்டையைப் பிரித்தபோது ஒரு பங்கு கெட்டது, இன்னொரு பங்கு கெடவில்லை. அப்படியென்றால் மூட்டை பிரிந்த பிறகு அந்தந்த வீட்டில் ஏதோ ஒரு வித்தியாசம் நடந்திருக்க வேண்டும். அந்த வித்தியாசம் என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒன்று. உங்கள் கூடையில் கிடக்கும் உருளைக்கிழங்கு செத்த பொருள் இல்லை. அது மண்ணுக்குள் பருத்த ஒரு தண்டு. அதன் மேல் இருக்கும் 'கண்' எல்லாம் மொட்டுகள். சர்க்கரைவள்ளி வேர், உருளை தண்டு. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். செடியிலிருந்து பிரித்து மாதக்கணக்கான பிறகும் அது மூச்சுவிடுகிறது, தன்னைக் காத்துக்கொள்கிறது. தோலில் காயம் பட்டால் அந்தக் காயத்தைத் தானே மூடிக்கொள்கிறது.

காயம் படாத கிழங்கு மூட்டையில் ஏறக்குறைய இருக்காது. தோண்டும்போது மண்வெட்டி படும். மூட்டையைக் கொக்கி போட்டு இழுப்பார்கள். லாரியிலிருந்து இறக்கும்போது தொப்பென்று போடுவார்கள். நாம் பிரிக்கும்போதும் அண்டாவில் கொட்டுகிறோம், திரும்ப அள்ளுகிறோம். கண்ணுக்குத் தெரியாத உரசல் எத்தனையோ. ஆகவே கிழங்கு நீடிப்பதும் அழுகுவதும் பெரும்பாலும் அது தன் காயத்தை எவ்வளவு சீக்கிரம் மூடுகிறது என்பதைப் பொறுத்தது.

அந்த மூடும் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் புதுச் செல் எதுவும் உருவாவதில்லை. காயத்தின் ஓரத்தில் உயிரோடு மிஞ்சியிருக்கும் செல்கள் தங்கள் சுவர்களில் சூபெரின் என்ற தக்கைப் பொருளைப் பூசிக்கொள்கின்றன. பாட்டில் மூடியாக இருக்கிறதே தக்கை, அதிலுள்ள அதே வகைப் பொருள்தான். இந்தப் பூச்சிலும் இரண்டு பகுதி. முதலில் படிவது பீனால் சார்ந்த பகுதி. நல்ல சூழல் இருந்தால் இரண்டு மூன்று நாளில் இது முதல் அடுக்கில் முடிந்துவிடும். இது வந்துவிட்டால் அழுகல் பாக்டீரியாவுக்குக் கதவு அடைபடும். ஆனால் பூஞ்சை இதைத் தாண்டி உள்ளே போய்விடும். பூஞ்சையை நிறுத்துவது அடுத்து வரும் கொழுப்புத் தன்மையுள்ள பகுதி. அது முடிய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். இந்தப் பாகுபாட்டை 1998இல் அமெரிக்காவின் லுலாய், கோர்சினி என்ற இருவர் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள்.

இரண்டாம் கட்டத்தில்தான் செல்கள் பிரிந்து, காயத்துக்கு அடியில் புதிதாக ஒரு தோலே வளர்கிறது. அதற்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். ஒரு கிழங்கைப் பாதியாக வெட்டி, ஒரு பாத்திரத்தில் போட்டு, மூடியைச் சற்றுத் திறந்தாற்போல் வைத்து, வெளிச்சம் படாத அலமாரியில் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். வெட்டிய முகம் பழுப்பாகி, நகத்தால் சுரண்டினால் தோல் மாதிரி தட்டுப்படும். பிள்ளைகளுக்குப் பள்ளியில் செய்முறை கேட்டால் இதைக் கொடுங்கள், செலவு ஒரு கிழங்கு.

சரி, மூளையும் நரம்பும் இல்லாத கிழங்குக்குத் தனக்கு அடிபட்டது எப்படித் தெரிகிறது? யார் உத்தரவு கொடுத்து இந்த வேலை தொடங்குகிறது? இங்கேதான் தாவர ஹார்மோன்கள் வருகின்றன.

இந்தக் கேள்வியை உருளைக்கிழங்கை வைத்தே முதலில் கேட்டவர்களில் ஒருவர் ஹாபர்லாண்ட். பெர்லினில் பேராசிரியராக இருந்தவர். 1913இல் அவர் கிழங்கைச் சிறுசிறு துண்டாக வெட்டிப் பார்த்தார். சத்துக் கடத்தும் நாளத்தின் ஒரு சிறு பகுதியாவது ஒட்டியிருந்த துண்டுகளில் செல்கள் பிரிந்தன. நாளம் இல்லாத துண்டுகளில் பிரியவில்லை. நாளத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து வந்து செல்களைத் தூண்டுகிறது என்று அவர் சொன்னார். 1921இல் நூல்கோலை வெட்டி, வெட்டிய முகத்தைத் தண்ணீரில் நன்றாகக் கழுவினார். செல் பிரிவது குறைந்துபோனது. நசுக்கிய நூல்கோலை அதன் மேல் தடவியதும் மறுபடி பிரிந்தது. 'காய ஹார்மோன்' என்ற பெயரும் அவர் கொடுத்ததுதான். கழுவினால் குறைகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அங்கே வருவோம்.

அந்தப் பொருள் எது என்று தேடியபோது எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது எத்திலீனை. நம் ஊர்க்காரர்களுக்கு எத்திலீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலாக்காயைப் பறித்து வந்து காம்புப் பக்கம் ஒரு குச்சியை அடித்து வைக்கும் பழக்கம் பண்ருட்டிப் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? காயம் பட்ட இடத்தில் எத்திலீன் வாயு கிளம்பும், காய் பழுக்கும். உருளைக்கிழங்கை வெட்டினாலும் எத்திலீன் வருகிறது. அதனால் காயத்தை ஆற்றுவது அதுதான் என்று நினைப்பது இயல்பு. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் அரசு வேளாண் ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே லுலாயும் சட்டில் என்பவரும் எத்திலீன் உருவாவதையும் வேலை செய்வதையும் தடுத்துப் பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். தக்கை வழக்கம்போலப் படிந்தது. எத்திலீன் வருகிறது, ஆனால் இந்த வேலைக்கு அது தேவைப்படவில்லை.

அடுத்த சந்தேகம் ஜாஸ்மோனிக் அமிலம். புழு கடித்தால் செடியில் எச்சரிக்கை மணி அடிப்பது இதுதான். உருளையிலும் வெட்டிய சில மணி நேரத்தில் எகிறுகிறது, பிறகு இறங்கிவிடுகிறது. வெளியிலிருந்து ஊற்றிப் பார்த்தும் தக்கை கூடவில்லை. வீட்டில் ஏதாவது நடந்தால் முதலில் வந்து சத்தம் போடுகிறவர்தான் வேலையையும் செய்கிறவர் என்று சொல்ல முடியாதல்லவா, அந்த மாதிரி.

வேலை செய்கிறவர் அப்சிசிக் அமிலம். வாய்க்குள் நுழையாத பெயர்தான், ஆனால் செயல் நமக்குப் பழக்கமானது. மே மாத வெயிலில் மண் காயும்போது இலைகளின் துளைகளை மூடி, இருக்கும் தண்ணீரைச் செடி காப்பாற்றிக்கொள்ள வைப்பது இந்த ஹார்மோன். தண்ணீர்ப் பஞ்ச ஹார்மோன் என்று நான் வகுப்பில் சொல்வேன். காயம் பட்ட கிழங்குக்கும் முதல் ஆபத்து தண்ணீர் போவதுதான். ஓரத்துச் செல்கள் காய்ந்து செத்துவிட்டால் தக்கை பூச ஆள் இருக்காது. தோல் இல்லாத இடத்தில் நீர் கசிவதை நிறுத்தும் பொறுப்பும் இதே ஹார்மோனிடம் இருப்பது யோசித்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இதற்கு முதல் தடயத்தைக் கொடுத்த ஆய்வகம் நம் பக்கத்து மாநிலத்துக்காரருடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கேரளத்தில் பிறந்து அமெரிக்கா போனவர் பி. இ. கொலட்டுக்குடி. இலை மேலுள்ள மெழுகு, தக்கை ஆகியவற்றின் வேதியியலில் உலகம் அறிந்த பெயர். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் இருந்தபோது, 1978இல் சாலிடே, டீன் என்பவர்களோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் உருளைக்கிழங்கு வில்லைகளைக் கழுவிப் பார்த்தார்கள். கழுவிய வில்லையில் தக்கை படிவது தடைபட்டது. அப்சிசிக் அமிலம் கொடுத்தபோது தக்கை படிவது தூண்டப்பட்டது. ஹாபர்லாண்ட் நூல்கோலில் பார்த்ததற்கும் இதற்கும் நடுவில் ஐம்பத்தேழு வருடம்.

முப்பது வருடம் கழித்து, 2008இல், ஃபார்கோ குழுவினர் இதை உறுதிப்படுத்தினார்கள். கிழங்கை வெட்டியதும் அப்சிசிக் அமிலம் குறைகிறது. 24 மணி நேரத்தில் அடிமட்டத்துக்குப் போகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை ஏறுகிறது. அது உருவாவதைத் தடுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தால் தக்கையின் இரண்டு பகுதிகளும் குறைகின்றன, தண்ணீர் அதிகம் போகிறது. மருந்தோடு சேர்த்து அந்த அமிலத்தையே கொடுத்தால் எல்லாம் பழைய நிலைக்கு வருகிறது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பின்னால் 2016இல் சைட்டோகைனின், ஆக்சின் இரண்டும் காயத்துக்குப் பிறகு மாறுவதையும், ஜிப்ரெலின் உருவாகாததையும் அதே குழு காட்டியது. செல் பிரிந்து புதுத் தோல் வளரும் இரண்டாம் கட்டத்தோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இந்தப் பகுதியில் இன்னும் வேலை நடக்கிறது.

இப்போது நம் மூட்டைக்கு வருவோம்.

கிழங்கைப் பிரித்து எடுத்துப் போனதும் சில வீடுகளில் குழாயடியில் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்தார்கள். மண்ணோடு வீட்டுக்குள் கொண்டுபோக மனம் வராது, நியாயம்தான். ஆனால் புதிதாக உரசல் பட்ட கிழங்குக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. ஆய்வகத்து வில்லைக் கதை அப்படியே நம் குழாயடியில் நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். முழுத் தோலோடு இருக்கும் கிழங்கிலிருந்து ஹார்மோன் பெரிதாகக் கரைந்து போகாது. ஆனால் காயம் பட்ட இடங்களில் அதுவும் கொஞ்சம், அதோடு இன்னும் இரண்டு கெடுதல் சேருகிறது. ஈரம் ஒரு மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டால் காயத்துக்கு ஆக்சிஜன் போகாது. தக்கை கட்ட ஆக்சிஜன் வேண்டும். மென்மை அழுகல் பாக்டீரியாவுக்கோ ஆக்சிஜன் குறைந்த ஈரமான இடம்தான் சொர்க்கம். ஒரு கிழங்கு அழுகி நீர்விட்டால் பக்கத்துக் கிழங்கின் மூடாத காயத்தில் அது இறங்கும். பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு வைப்பதும் இதே விளைவுதான்.

காற்றில் ஈரப்பதம் இருக்க வேண்டும், கிழங்கின் மேல் ஈரம் இருக்கக் கூடாது. கேட்க முரணாகத் தெரியும். குளிர்பதனக் கிடங்குக்காரர்கள் இதைத்தான் காசு செலவழித்துச் செய்கிறார்கள். அறுவடை முடிந்ததும் 12 முதல் 15 டிகிரி வெப்பத்தில், காற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதத்தோடு, பத்துப் பதினைந்து நாள் காயத்தை ஆறவிட்ட பிறகே குளிரைக் கூட்டுவார்கள். வடநாட்டு விவசாயி கிடங்குக்கு அனுப்பும் முன் வைக்கோல் மூடிக் குவியலாகச் சில நாள் விடுவதும் இதற்காகத்தான். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் அதையே பரிந்துரைக்கிறது. செடியின் மேல்பகுதியை அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே வெட்டிவிடச் சொல்வார்கள். தோல் முற்றினால் உரசலில் உரியாது.

அடுத்தது வயது. கிழங்கு முதுமை அடைய அடையக் காயம் ஆறும் வேகம் குறைகிறது, மனிதனைப் போலவே. சேமிப்பில் அப்சிசிக் அமிலத்தின் அளவு முதலில் ஏறிப் பிறகு இறங்குவதை 2008 ஆய்விலேயே அளந்திருக்கிறார்கள். சமவெளி வட மாநிலங்களில் பெரும்பாலும் மாசி, பங்குனி வாக்கில் அறுவடை. ஆக, நாம் ஆவணி, புரட்டாசியில் வாங்கும் ஆக்ரா பக்கத்து உருளை ஆறு மாதம் குளிர்கிடங்கில் தூங்கி எழுந்தது. பார்க்க நன்றாக இருக்கும், சமைத்தால் ருசிக்கும், கொஞ்சம் இனிக்கவும் இனிக்கும். ஆனால் மூட்டையை இறக்கும்போது பட்ட அடியை அதனால் புதுக் கிழங்கு மாதிரி ஆற்றிக்கொள்ள முடியாது. நீலகிரியில் வருடத்துக்கு மூன்று போகம் உருளை உண்டு. மண் ஒட்டிய ஊட்டி உருளை கிடைக்கும் காலமாகப் பார்த்து மூட்டை வாங்கினால் இந்த வயதுப் பிரச்சினை பெருமளவு தீரும். மண்ணைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

பிறகு நம் ஊர் வெயில். குளிர்ந்தால் காயம் மெதுவாக ஆறும், வெப்பம் கூடினால் வேகமாக ஆறும்; ஆனால் 35 டிகிரிக்கு மேல் போனால் அந்த வேலையே ஒழுங்காக நடக்காது. சித்திரை, வைகாசியில் காடாம்புலியூரில் மாடிப்படிக்கு அடியில்கூட என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். என் கருத்து, அந்த இரண்டு மூன்று மாதம் பொதுக் கொள்முதலை நிறுத்திவைக்கலாம். மார்கழி, தை, மாசி நமக்கு ஏற்ற காலம். வருடம் முழுவதும் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

எல்லாக் கிழங்கும் உருளை மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து மரவள்ளிக் கிழங்கு மூட்டை வாங்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மரவள்ளி வேர், அதிலிருந்து செடி முளைக்காது, குச்சியை நட்டுத்தான் வளர்க்கிறோம். வெட்டி எடுத்த இரண்டு மூன்று நாளிலேயே உள்ளே நீலக் கருப்பாகக் கோடு ஓடத் தொடங்கிவிடும். சர்க்கரைவள்ளி அப்படி இல்லை, அதன் காயம் 30 டிகிரி வாக்கில் ஈரப்பதமான காற்றில் நன்றாக ஆறும். நம் பருவத்துக்கு ஒத்துவரும்.

கேள்வி நேரத்தில் வந்தவற்றில் மூன்றை மட்டும் எழுதுகிறேன்.

வெட்டி மிச்சமான பாதிக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டார்கள். வைக்கலாம், மறுநாள் சமைத்துவிடுங்கள். அந்தக் குளிரில் காயம் ஆற வாரக்கணக்காகும், அதற்குள் முகம் காய்ந்து கறுக்கும்.

பச்சை பாய்ந்த கிழங்கைத் தோல் சீவிப் போட்டால் சரியாகிவிடுமா என்பது அடுத்தது. வெளிச்சம் பட்டால் பச்சையும் வரும், கூடவே சோலனின் முதலான கசப்பு நச்சும் கூடும். காயம் பட்ட இடத்திலும் அது கூடுகிறது. வேகவைத்தாலும் வறுத்தாலும் அது முழுக்கப் போகாது. சிறிதாக இருந்தால் அந்தப் பகுதியை ஆழமாக வெட்டி எறியுங்கள், கிழங்கே பச்சையாக இருந்தாலோ கசந்தாலோ குப்பைதான். குறிப்பாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மாடித்தோட்டம் போடும் தம்பி ஒருவர், விதைக்கிழங்கை வெட்டி நட்டால் அழுகிவிடுகிறதே என்றார். வெட்டிய அன்றே ஈர மண்ணில் வைத்தால் அழுகத்தான் செய்யும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண்ணாவது இருக்கும்படி வெட்டி, நிழலில், ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே ஒரு சாக்கை லேசாக மூடி இரண்டு மூன்று நாள் விடுங்கள். வெட்டிய முகம் தோல் கட்டிய பிறகு நடுங்கள். சின்னக் கிழங்காக இருந்தால் வெட்டாமலே நடுவது இன்னும் நல்லது. ஐப்பசி கடைசியில் நட்டால்தான் கிழங்கு பருக்கும் சமயத்தில் இரவு கொஞ்சம் குளிரும். அப்படியும் நம் ஊரில் பெரிய விளைச்சலை எதிர்பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பொதுக் கொள்முதலைத் தொடர்வதா என்ற தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வருகிறது. தொடர்வதாக இருந்தால் செயலாளரிடம் நான் கேட்டிருப்பது இவ்வளவுதான். மூட்டையைக் கொக்கி போடாமல் இருவராக இறக்க வேண்டும். வந்த அன்றே பிரிக்காமல், சங்க அறையில் சன்னலைச் சாக்கால் மறைத்து, கிழங்கைத் தரையில் ஒரு முழ உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஒரு வாரம் விட வேண்டும். அறை மூலையில் இரண்டு வாளித் தண்ணீர் இருக்கட்டும், காற்று வறளாது. ஏழாம் நாள் நசுங்கியதையும் அழுகியதையும் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை எடைபோட்டுப் பிரிக்கலாம். பொறுக்கி எடுக்கும் வேலைக்கு நானும் வருகிறேன், இன்னும் நான்கு பேர் பெயர் கொடுத்தால் போதும்.